கையைத் தூக்கியவள்

பெரிய கம்பெனிகளின் வயிற்றில் புளியைக் கரைக்கக்கூடிய சின்னக் கம்பெனிகளைத் தேடிப் பிடித்துப் பணம் போடுவதுதான் இவள் வேலை. அந்த முதலீட்டு நிறுவனத்தில் சேர்ந்து பத்து வருஷத்தில் நாற்பது கம்பெனிகளைப் பார்த்துவிட்டாள். மனசு ஒட்டியது ஒன்றில்தான்.

அதைத் தொடங்கியவள் ஓர் இன்ஜினியர். சின்னப் பெண். முதல் சந்திப்பிலேயே இவளை "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டாள். அவள் செய்திருந்தது செங்கல் அளவில் ஒரு பெட்டி. கூரையில் வைத்தால் ஒரு வீட்டுப் பெட்டி அடுத்த வீட்டுப் பெட்டிக்குச் செய்தியைக் கடத்தும். டவர் வேண்டாம், சர்வர் வேண்டாம், நடுவில் முதலாளி என்று ஒருவரும் வேண்டாம்.

போன் சிக்னல் எட்டாத ஒரு மலைக்குடியிருப்பில் முதலில் பெட்டிகள் ஏறின. கூரை கூரையாகத் தாவிச் செய்தி அடிவாரத்து ஆஸ்பத்திரி வரை போனது. அங்கேயே குடியிருந்த எலக்ட்ரீஷியன் அவற்றைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். இவள் பார்க்கப் போனபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "மேல்வீட்டுப் பெரியவரும் கீழ்வீட்டுப் பெரியவரும் இருபது வருஷமா பேசிக்கிறதில்லம்மா. இப்ப தினமும் பெட்டி வழியா திட்டிக்கிறாங்க. முன்னேற்றம்தானே?"

மறு வருஷம் ஊரெல்லாம் டோக்கன் பைத்தியம் பிடித்து ஆட்டியது. டிஜிட்டல் காசு வெளியிட்ட கம்பெனிக்கெல்லாம் கொட்டிக் கொடுத்தார்கள். இன்ஜினியரின் கம்பெனி போர்டு மீட்டிங்கில் இன்னொரு முதலீட்டாளர் நேராகவே கேட்டார்: "அந்த மலையில என்ன வருமானம் வருது? பெட்டியை விடுங்க, டோக்கனுக்கு வாங்க. இல்லேன்னா அடுத்த முதலீட்டை மறந்துடுங்க."

இன்ஜினியர் அவரைப் பார்க்கவே இல்லை. "பேட்டரி மாத்தலேன்னா ஆறு மாசத்துல எல்லாப் பெட்டியும் செத்துடும்க்கா," என்றாள்.

இரண்டு பேர் இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம். மிச்சம் இவள் ஒருத்தி. முதலில் கம்பெனி பிழைக்கட்டும், பெட்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். டோக்கனுக்குக் கையைத் தூக்கினாள்.

இன்ஜினியர் லேப்டாப்பை மூடினாள். "சரிங்க மேடம்."

அந்த 'மேடம்' சுருக்கென்று தைத்தது.

எட்டு மாதம் கழித்து, நான்கு நாள் விடாத மழையில் மலைப்பாதை விண்டுபோனது. எலக்ட்ரீஷியனின் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி. பெட்டிகள் எதிலும் உயிர் இல்லை. சிக்னல் கிடைக்கும் வளைவுவரை போய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று எலக்ட்ரீஷியன் தனியாக இறங்கினார். அவர் காலடியிலேயே மண் சரிந்தது. அந்தப் பெண்ணை மறுபக்கமாகத் தூக்கிப்போய்க் காப்பாற்றிவிட்டார்கள். அவரை மூன்றாம் நாள்தான் தோண்டி எடுத்தார்கள்.

இவள் போனபோது இன்ஜினியர் ஏற்கெனவே அந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். எலக்ட்ரீஷியனின் மனைவி இவளை அடையாளம் கண்டுகொண்டாள்.

"போன வாரம்கூட பெட்டியெல்லாம் இறக்கித் தொடச்சு வச்சாரு. பேட்டரி வந்துரும், அந்த ஆபீஸ் அம்மா நல்ல மாதிரின்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு." மெதுவாகக் கேட்டாள். "பெட்டி ஓடியிருந்தா இவரு இறங்கியிருக்க மாட்டாருல்ல?"

வழியெல்லாம் இவள் பதில் யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். மழை, மண், மார்க்கெட் நிலவரம். அதையெல்லாம் விட்டுவிட்டாள்.

"இறங்கியிருக்க மாட்டார். நிறுத்தச் சொல்லிக் கை தூக்கினது நான்தாங்க."

அந்தம்மா கத்தவில்லை, அழவில்லை. "கொஞ்சம் வெளியே இருங்க," என்றாள்.

இவள் வாசலில் தூறலில் நின்றாள். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். உள்ளே கூப்பிட யாரும் வரவில்லை. கடைசியில் இன்ஜினியர்தான் வெளியே வந்தாள்.

"நாலு மணிக்குக் கீழே பஸ் இருக்கு. கிளம்புங்க மேடம். அவங்க இனிமே வர மாட்டாங்க."

அடுத்த போர்டு மீட்டிங்கில், மலைக்குப் புதுப் பேட்டரி அனுப்பவேண்டும் என்று இவள் எழுந்து சொன்னாள். சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தாள். சண்டை போட ஆளே இல்லை. ஐந்து கைகளும் உயர்ந்தன. "சின்ன விஷயம்தானே," என்றார் அந்த முதலீட்டாளர். நாலு நிமிஷத்தில் முடிந்துபோனது.

பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள்.