மூச்சு விடாத கேசட்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. ஆட்டப் பாட்டுகளை இடைவெளியே இல்லாமல் ஒட்டி வெளியிடும் 'மெகாமிக்ஸ்' தொகுப்புகளின் வரலாற்றை ஒரு பத்திரிகையில் படித்தேன். லண்டன், நியூயார்க் என்று ஊர்களை அடுக்கியிருந்தார்கள். வலங்கைமானைக் காணோம். அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். 1984இல் அங்கே மைக்செட் கடை வைத்திருந்தவன் நான்.

2

'காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது, வயல்களெல்லாம் பச்சை—'

[இப்படித்தான் தொடங்கினேன். அடித்துவிட்டேன். தண்ணீர் வந்ததும் வர்ணிக்கக் கிளம்புகிறவன் விவசாயியாக இருக்கமாட்டான்.]

நேராகச் சொல்கிறேன். காயாரோகணத்துக்கும் பஞ்சநாதனுக்கும் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், கோயில் நிலத்தில் தகராறு. குத்தகைப் பதிவில் யார் பெயர் ஏறுவது என்று பதினோரு வருடச் சண்டை. இருவரும் வேறு வேறு கழகம். ஆட்சி மாறினால் ஒருவருக்குத் தைரியம் வரும், மற்றவருக்குக் காய்ச்சல் வரும்.

இதற்கு நடுவே காயாரோகணத்தின் மகள் மலர்கொடிக்கும் பஞ்சநாதனின் மகன் துரைராசுவுக்கும் பிடித்துப்போனது. பரிசம் போட்ட அன்று, இரண்டு பாட்டுக்கு நடுவில் சும்மா கிடந்த மைக்கைப் பஞ்சநாதன் எடுத்து நிலத்தைப் பற்றிப் பேசினார். காயாரோகணம் அதைப் பிடுங்கிப் பதில் பேசினார். கல்யாணம் எட்டு மாதம் தள்ளிப்போனது.

மறுபடி நாள் குறித்ததும் மலர்கொடி கடைக்கு வந்தாள்.

"பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல ஒரு மூச்சு கூட விடாதீங்கண்ணே. எடம் கெடைச்சா ரெண்டு பேரும் மைக்கைத் தூக்கிடுவாங்க. இந்தத் தடவை நின்னா நின்னதுதான்."

3

இரண்டு டேப்ரிக்கார்டர், இருபத்திரண்டு ஆட்டப் பாட்டு. ஒரு பாட்டு ஓடும், ஒரு பாட்டு நடக்கும், எப்படி ஒட்டுவது? கல்யாணப் பந்தலுக்குப் பின்னாலேயே அந்த மூன்று மாவுக்கு நீர் இறைக்கும் டீசல் எஞ்சின். அதன் தட்டுக்கு* எல்லாப் பாட்டையும் பொருத்தினேன். வேகமானதைக் கேசட் சக்கரத்தில் விரல் வைத்து அடக்கினேன். ஒட்டு சரியாக வராத இடங்களில் இரண்டு வினாடி வெறுமையாக விட்டேன். எஞ்சின் தன் தட்டால் நிரப்பிக்கொள்ளும்.

(*நிமிடத்துக்கு நூற்றிருபது தட்டு. பொறியாளர்கள் கடிதம் போடவேண்டாம். பழைய எஞ்சின், இரண்டு தட்டுக்கு ஒன்றை விழுங்கிவிடும்.)

4

சீர்திருத்தக் கல்யாணம். மாலை எடுத்துக் கொடுக்கவேண்டிய பேச்சாளர் சீர்காழியிலிருந்து வந்துகொண்டே இருந்தார். கேசட்டைப் போட்டேன். பத்தாவது நிமிடம் பந்தியிலிருந்து எழுந்து வந்து ஆடினார்கள். [சமையல்காரர் கரண்டியோடு ஆடினார் என்று எழுதியிருந்தேன். மிகை. கரண்டியை வைத்துவிட்டுத்தான் ஆடினார்.] சம்பந்திகள் இருவரும் பாட்டு முடியட்டும் என்று மைக்கையே பார்த்திருந்தார்கள். முடியவில்லை. கடைசியில் பஞ்சநாதனின் தோளே ஆடத் தொடங்கியது.

டீசல் தீர்ந்து எஞ்சின் நின்றது.

அடுத்த ஒட்டில் இரண்டு வினாடி நிசப்தம். மூன்று கைகள் மைக்குக்குப் பாய்ந்தன. மலர்கொடியின் கை முதலில் போய்ச் சேர்ந்தது. அதற்குள் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. அவள் என்னைப் பார்த்து, நிறுத்துங்கள் என்று கையைக் காட்டினாள்.

நான் நிறுத்தினேன்.

"மாமா, அப்பா, ரெண்டு பேரும் கேளுங்க. பத்து வயசுலேர்ந்து அந்த மூணு மாவுல நாத்து நட்டவ நான். நீங்க நடந்ததெல்லாம் ஆபீசுக்குத்தான். பதிவுல என் பேரைப் போடுங்க. சரின்னா மாலையை எடுத்துக் குடுங்க."

துரைராசு மட்டும் தலையை ஆட்டினான், பாட்டே இல்லாமல்.

5

முடிவு ஒன்று: சம்பந்திகள் சிரித்துச் சம்மதித்தார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது, அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

முடிவு இரண்டு: பஞ்சநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு— இதை எழுத மாட்டேன். அன்று நல்ல சாப்பாடு போட்டார்கள்.

மூன்றாவது உங்களுடையது. என் விரல் பொத்தான்மேல் இருக்கிறது. அமுக்கினால் எல்லோரும் ஆடப் போய்விடுவார்கள், யாரும் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்காது. விரலை எடுத்துவிட்டேன். பந்தலில் சத்தமே இல்லை. மாலை தட்டில் இருக்கிறது. காயாரோகணம் சம்பந்தியைப் பார்க்கிறார். பஞ்சநாதன் செருமிக்கொண்டு வாயைத் திறக்கிறார்.

சொல்லுங்க.