சயந்தினியின் ஆறு இலக்கங்கள்

சயந்தினி மெல்பேர்னின் புறநகரான ட்ருகனினாவில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். ஞாயிறு காலைகளில் சுடும் கழகத்துக்குப் போகிறாள். இயந்திரம் களிமண் தட்டை வானில் எறியும். அது விழுமுன் சுட வேண்டும். இருபத்தைந்துக்குப் பத்தொன்பது தட்டுகள்வரை உடைத்திருக்கிறாள். தோட்டாக்களைக் கழகத்தில் வாங்கி அங்கேயே முடித்துவிடுவாள். துவக்கு மட்டும் வீட்டுக்கு வரும்.

அதற்காகக் கராஜில் ஓர் இரும்புப் பெட்டகம், தரையோடு திருகி இறுக்கியிருந்தது. பூட்டைத் திறக்கும் திறப்பு அனுமதிப்பத்திரம் உள்ளவரிடம்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். கணவனுக்கும் கிடைக்கக் கூடாது. சயந்தினி அதைத் தன் தாலிக்கொடியில், இரண்டு ஊசிகளுக்குப் பக்கத்தில் கொழுவிக்கொண்டாள். இதைவிடப் பத்திரமான இடம் இல்லை என்று அவள் கணவன் சுஜீதனும் நினைத்தான்.

பண்டகசாலையில் நகைக்குத் தடை. வேலைநாட்களில் அவள் கொடியைக் கழற்றிச் சாமித்தட்டில் வைத்துவிட்டுப் போவாள். பல வருடப் பழக்கம். கொடியோடு திறப்பும் அங்கே கிடக்கிறது என்பது இருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு செவ்வாய் மாலை சுஜீதன் காய்ந்த உடுப்புகளோடு கராஜுக்குள் வந்தான். அவர்களின் ஆறு வயது மகள் ராகவி கலியாணப் பெண்ணாக நின்றாள். கழுத்தில் தாயின் கொடி. திறப்பு பெட்டகத்தின் துவாரத்துக்குள் இருந்தது. இன்னும் திருப்பவில்லை.

 அவன் திறப்பிலிருந்து அவள் விரல்களை மெதுவாக எடுத்துவிட்டான். பிறகு கொஞ்ச நேரம் தரையில் இருந்தான்.

அதைக் கேட்டபின் அன்று சயந்தினி சாப்பிடவில்லை. மறுநாள் துவக்கைக் கடைக்காரரிடம் பாதுகாப்புக்குக் கொடுத்துவிட்டு, பெட்டகத்துக்கு இலக்கப் பூட்டுப் போடச் சொன்னாள். ஆறு இலக்கம். துவக்கு திரும்பாவிட்டால் நல்லது என்று சுஜீதனுக்கு இருந்தது. ஞாயிறு மதியம் அவள் பாட்டு முணுமுணுத்தபடி வீட்டுக்கு வருவதும் நினைவிருந்தது. 

துவக்கு திரும்பி வர ஒரு நிபந்தனையை அவளே வைத்தாள். வெற்றுப் பெட்டகம். சனிக்கிழமை முழுவதும் தகப்பனும் மகளும் திறந்து பார்க்கலாம். திறந்தால் துவக்கை விற்றுவிடுவாள்.

“சட்டத்துக்கு இந்தப் பூட்டுப் போதும். எனக்கு நீங்கள் ரெண்டு பேரும் தோக்கோணும்,” என்றாள்.

முதலில் ராகவியின் பிறந்தநாள். அந்த வீட்டில் எல்லாக் கைபேசிகளும் அதற்குத்தான் திறக்கும். சிவப்பு விளக்கு. சயந்தினியின் பிறந்தநாள், அவனுடையது, மெல்பேர்னில் வந்து இறங்கிய நாள். நாலு முறை பிழைத்தால் பூட்டு ஐந்து நிமிடம் விறைத்துவிடும். தேநீர் குடித்தார்கள். அடுத்தது கலியாண நாள். அதுவும் சிவப்பு.

“எங்கட கலியாண நாளும் இல்லையோ?”

“நீங்கள் எதை அடிச்சனீங்கள்?”

சொன்னான்.

“அது தாலிக்குப் பொன்னுருக்கின நாள்.”

ராகவி விளங்காமலே சிரித்தாள். சரியான திகதியை அழுத்தினான். அதற்கும் சிவப்புத்தான்.

ராகவி ஒன்றிலிருந்து ஆறுவரை வரிசையாக அழுத்தினாள். தன் வயதை ஆறு தரம் அழுத்தினாள். “போரிங்,” என்று சொல்லிவிட்டு ஊஞ்சலுக்குப் போனாள்.

சுஜீதன் விடவில்லை. முன்பு அகதி முகாமில் சயந்தினிக்கு ஓர் அடையாள அட்டை இருந்தது. அதன் இலக்கம் அவனுக்கு மனப்பாடம். தயங்கினான். பிறகு அழுத்தினான்.

சிவப்பு. அன்று முழுவதிலும் அதுதான் அவனுக்கு மிகவும் பிடித்த சிவப்பு.

ஆறு மணிக்குத் தோற்றுவிட்டதாக ஒப்புக்கொண்டான்.

“என்ன நம்பர் எண்டு கேக்கமாட்டன்,” என்றான்.

“கேட்டாலும் சொல்லமாட்டன்.”

புதன்கிழமை பொலிஸ்காரர் ஒருவர் பெட்டகத்தைப் பரிசோதிக்க வந்தார். திருகுகளை அசைத்துப் பார்த்தார். இலக்கம் தெரியுமா என்று சுஜீதனிடம் கேட்டார். தெரியாது என்று சொல்லும்போது அவனுக்குச் சிரிப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை துவக்கு வீட்டுக்கு வந்தது. சயந்தினி பூட்டருகே குனிந்தாள். சுஜீதன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான். யாரும் சொல்லாமலே ராகவியும் திரும்பி நின்றாள்.