வெளுத்து வாங்கிய விளக்கு

உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியின் பழைய விளக்கு உயிரை விட்ட அன்றே அவள் சொல்லிவிட்டாள்: "ஏங்க, கடையில ரெடிமேடா ஒண்ணு வாங்கிடலாம்." வீட்டுக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அலுமினியத் தகடு, நீலமும் வெள்ளையுமாக எல்.இ.டி. பல்புகள், பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய குட்டி ஃபேன் என்று சாப்பாட்டு மேசையில் கடை பரப்பிவிட்டார். அதுவரை தொட்டிக்கு ஒரு மேசை விளக்கு. மனிதர்களுக்கு மடியில் தட்டு. இரண்டு வாரம் அப்படியே ஓடியது.

தடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அச்சக இயந்திரங்களைக் கட்டி மேய்த்தவர். எட்டு மாதத்துக்கு முன் அச்சகத்தை இழுத்து மூடியதிலிருந்து வீட்டில் எது கெட்டாலும் அவர்தான் சரிசெய்கிறார். காலிங் பெல் இப்போது யாரும் அழுத்தாமலே அடிக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கடையில் வாங்கியது கெட்டால் கடைக்காரரைத் திட்டித் தீர்க்கலாம். மாமியார் பெற்ற இந்த விஞ்ஞானி செய்தது கெட்டால் இவரையல்லவா உட்கார வைத்துத் தேற்ற வேண்டும்! "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்று ஆரம்பித்தால் ஒரு மாலைப்பொழுது போயே போய்விடும்.

அவள் பிழைப்பே அதுதான். வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார் பிரிவில், காலை ஒன்பது மணியிலிருந்து ஊரார் கோபத்தையெல்லாம் "புரியுதுங்க, மன்னிச்சிடுங்க" என்று வாங்கிக்கொள்கிறாள். வீட்டுக்கு வந்ததும் தொட்டியின் முன் ஸ்டூலைப் போட்டு உட்காருவாள். விரல் நகம் அளவில் வாங்கி, மூன்று வருடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வளர்த்த ஊதாப் பவளம் உள்ளே இருக்கும். அது ஒரு புகாரும் சொல்லாது. அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

தொட்டிக்கு உப்பு வாங்கப் போன இடத்தில் வளர்ப்பு மீன் கடைக்காரர் ஒரு ரெடிமேட் விளக்கை எடுத்துக் காட்டினார். "இதுல வெளிச்சத்தைக் கூட்டுறது குறைக்கிறது எல்லாம் தானாவே நடக்கும். வீட்ல செஞ்சதுன்னா கால்வாசி வெளிச்சத்துல ஆரம்பிச்சு, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். ரெண்டு வாரம் மங்கல்ல கெடந்த பவளத்துக்கு எடுத்த எடுப்புல முழு வெளிச்சம் காட்டினா தாங்காது. நீல வெளிச்சம் நம்ம கண்ணுக்குக் கம்மியாத்தான் தெரியும், அதை நம்பிடாதீங்க. சார்கிட்ட சொல்லிடுங்க."

சொல்ல வேண்டும் என்றுதான் வீட்டுக்கு வந்தாள். வாய் வலிக்கப் பேசிய நாள் அது. இவரோ பற்றவைத்த ஒயர்களைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டாள். காலையில் அலுவலகப் பயிற்சிக்காக நான்கு நாள் வெளியூர் கிளம்பும் அவசரம். அப்போதும் சொல்லவில்லை.

நான்காம் நாள் மதியம் போன் வந்தது. "நீ போன அன்னைக்கே மாட்டிட்டேம்மா! மொதல்ல நீலம் ரொம்ப மங்கலா இருந்துச்சு, முழுசா ஏத்தி விட்டேன். லைட்டு வெளுத்து வாங்குது போ! பவளத்துல இருந்த அழுக்கெல்லாம் போயி பளிச்சுன்னு ஆயிடுச்சு. வந்து பாரேன்!"

எட்டு மாதத்தில் அவர் குரல் இப்படித் துள்ளி அவள் கேட்டதில்லை. கடைக்காரர் சொன்ன 'தாங்காது' அவளுக்கு ஞாபகம் வந்தது.

சாயங்காலம் பையைக்கூட இறக்காமல் தொட்டியின் முன் போய் நின்றாள். சொன்னபடியே வெளுத்துத்தான் வாங்கியிருந்தது. ஊதா என்ற பேச்சே இல்லை. பவளம் எலும்பாக நின்றது.

"எப்படி?" என்றார், சிரித்துக்கொண்டே.

"அழுக்குப் போகலைங்க. நிறம் செத்துப் போச்சு. இனி பொழைக்குமான்னு தெரியல."

சிரிப்பு அப்படியே வடிந்தது. விளக்கை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "நான்தான் கொன்னுட்டேன். நான் எதுக்கும் லாயக்கில்ல."

இதற்குச் சொல்ல வேண்டிய பதில் அவளுக்கு மனப்பாடம். வாயைத் திறந்தாள். வேறு ஏதோ வந்தது.

"கால்வாசியில ஆரம்பிக்கணும்னு கடைக்காரர் சொன்னாரு. நான்தான் உங்ககிட்ட சொல்லல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவீங்க. அப்புறம் நான் சமாதானப்படுத்தணும். எனக்குத் தெம்பு இல்லைங்க. எட்டு மாசமாவே இல்ல."

சொல்லிவிட்டு, பை தோளில் தொங்கியபடியே அழுதாள். பவளத்துக்காகத்தான் என்று முதலில் நினைத்தாள். அழுகை நிற்காமல் போனபோதுதான் பவளத்துக்காக மட்டும் இல்லை என்று புரிந்தது.

அவர் எழுந்து வந்தார். அந்த வீட்டில் தேற்றுகிற வேலை இத்தனை நாளும் அவளுடையதாகவே இருந்தது. பையை மட்டும் கழற்றிக் கீழே வைத்தார். அவள் தோளில் கை வைத்தார். சரியாகத்தான் வைத்தோமா என்ற சந்தேகத்தில் எடுத்துவிட்டு, மறுபடி வைத்தார்.