ஈஜிஆர் வால்வில் ஸ்பேனர் தடம்

1

இந்தக் கதை ஆத்திரத்தில் பிறந்தது. பொங்கல் மலருக்கு நிலம் பற்றி ஒரு கதை வேண்டும் என்று ஒரு பத்திரிகையில் கேட்டார்கள். "போராட்டம் இருக்கட்டும் சார், ஆனா முடிவுல நம்பிக்கை இருக்கணும்" என்றார் ஆசிரியர். நம்பிக்கை கிலோ என்ன விலை என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அதே வாரம் குத்தாலத்தில் என் கார் நின்றுபோனது. மெக்கானிக் மீரா உசேன் பட்டறையில் காத்துக் கிடந்தபோது, எனக்கு முன்னால் வந்த ஒரு வண்டியின் கதையை அவர் பாதி சொன்னார். மீதியை நான் கட்டினேன். எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'காவிரியில் தண்ணீர் வந்த அன்று' — வேண்டாம். டெல்டாக் கதை என்றால் தண்ணீரில்தான் கால் வைக்க வேண்டுமா?

அப்புறம்: 'நல்லக்கண்ணு ஆக்சிலேட்டரை மிதித்தான். வண்டி' — இதுவும் பாதியில் நின்றது.

நேராகவே சொல்லிவிடுகிறேன். நல்லக்கண்ணு, ரெங்கசாமியின் டிரைவர். ரெங்கசாமியின் வயலைத்தான் நல்லக்கண்ணுவின் அப்பா வீரையன் குத்தகைக்குப் பயிரிடுகிறார். வீரையனின் அப்பா அதே வயலில் பண்ணையாளாகக் கிடந்தவர். சங்கம் வைத்து, அடிபட்டு, ஜெயிலுக்குப் போய், கடைசியில் குத்தகைதாரர் என்று பதிவானவர்.* ரெங்கசாமியிடம் மகன் வேலைக்குப் போன நாளிலிருந்து வீரையன் அவனோடு பேசுவதில்லை.

அன்று காலை மயிலாடுதுறைக்குக் கிளம்பும்போது நல்லக்கண்ணுவுக்கு எதுவும் தெரியாது. வழியில் பின்சீட்டில் ரெங்கசாமி போனில் பேசினார், டிரைவருக்குக் காது இல்லை என்பதுபோல. பிளாட் போடும் கம்பெனிக்கு வீரையன் வயலை இன்றே பத்திர ஆபீஸில் கிரயம் செய்கிறார். வீரையனின் வக்கீலும் இன்றுதான் கோர்ட்டில் தடை கேட்கிறார். பதிவு முந்தினால் வயல் போச்சு. தடை முந்தினால் நிற்கும்.

ஸ்டியரிங் மகன் கையில்.

* குத்தகைச் சட்டம் எங்கள் சாதனை என்று மேடையில் முழங்குபவர் ரெங்கசாமி. அவர் டிக்கியில் இரண்டு கழகக் கொடியும் சுருட்டி இருக்கும். கோட்டையில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, அவர்கள் கொடி முன்னால் ஏறும்.

3

குத்தாலம் தாண்டியதும் வண்டி இழுக்கவில்லை. கறுப்பாகப் புகை கக்கியது, குலுங்கியது, நின்றது. ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள், போகிற வண்டிகள் மிதித்துக் கொடுக்கட்டும் என்று.

"செடி அடியில சுத்திக்கிச்சாடா?" என்றார் ரெங்கசாமி.

நல்லக்கண்ணு படுத்துப் பார்த்தான். ஒன்றும் சுற்றவில்லை. அவனுக்குத் தெரியும், இது ஈஜிஆர் வால்வு. என்ஜின் விட்ட புகையில் கொஞ்சத்தை அதற்கே திருப்பி அனுப்பும் கதவு. கரி பிடித்துத் திறந்தபடியே மாட்டிக்கொண்டால் என்ஜினுக்கு நல்ல காற்று போதாது. (தான் விட்ட புகையையே தான் குடிக்கும் என்ஜின்! ஒரு பெரிய உவமை தயாராகக் கையில் இருந்தது. நாட்டு அரசியலுக்குச் சட்டை தைத்ததுபோல் பொருந்தும். எனக்கே அலுத்துவிட்டது, விட்டுவிடுகிறேன்.)

போன மாதமே மீரா உசேன், ரெங்கசாமியை வைத்துக்கொண்டே சொல்லியிருந்தார்: "கழட்டிக் கழுவணும். அதுவரைக்கும் வழியில நின்னா, ஸ்பேனரால ரெண்டு தட்டு தட்டு தம்பி, விட்டுரும்." ரெங்கசாமிதான் "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்றுவிட்டார்.

வேறு வண்டி தேடி ரெங்கசாமி முக்குவரை நடந்தார், கிடைக்கவில்லை. நல்லக்கண்ணு பானட்டைத் தூக்கினான். ஸ்பேனரை எடுத்தான்.

[எடுத்தவன் அதை உளுந்துச் செடிக்குள் வீசி எறிந்தான். — மலருக்கு அப்படியே ஒத்துப்போகும். வெட்கமாக இருந்தது. அடித்துவிட்டேன்.]

[அவன் தட்டினான். இரண்டு தட்டு இல்லை, வெறி பிடித்தவன்போல் தட்டினான். வேலை போய்விடுமே என்ற பயம். வண்டி கிளம்பினால் போதும் என்றிருந்தது. அப்பா முகம் ஞாபகத்துக்கே வரவில்லை. வால்வுதான் விட்டுக்கொடுக்கவில்லை. — இதையும் அடித்துவிட்டேன். ஆனால் நடந்தது இதுதான்.]

எனக்கு அவன்மேல் கோபம். நான் எழுதிய ஆள், எனக்காக ஒரு நிமிஷம் சும்மா நின்றிருக்கக் கூடாதா?

4

வண்டியைக் கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுத்து வருவதற்குள் தடை வந்துவிட்டது. ரெங்கசாமி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பாய், இவன் ஏதோ பண்ணியிருக்கான். பைப்பைப் புடுங்கி விட்டிருக்கானான்னு பாருங்க. அப்பனும் மவனும் பேசி வச்சுத்தான் செஞ்சிருக்கானுவ."

"சத்தியமா இல்லைங்கய்யா" என்றான் நல்லக்கண்ணு.

மீரா உசேன் மேதை இல்லை. முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றி உதறினார். பிறகு டீசல் மேல் பழி போட்டார். பிறகு இன்ஜெக்டர் என்றார். கடைசியில் ஸ்கேனரைச் சொருகினார். அது ஈஜிஆர் கோளாறு என்றது. பைப்பைப் பிடுங்கினாலும் அது அதையேதான் சொல்லும், கரி பிடித்தாலும் அதையேதான் சொல்லும். வால்வைக் கழற்றாமல் தெரியாது.

போல்ட்டில் பாதி கழன்றபோது வீரையன் வந்தார். வண்டி நின்ற சேதி கோர்ட் வாசலுக்கே வந்துவிட்டதாம், அங்கிருந்து நேராக வருகிறார். கையில் கதர்க்கடைக் கவரில் ஒரு புதுத் துண்டு, போர்த்துவதற்கு. ரெங்கசாமி இருப்பதை அவர் கண்டுகொள்ளவில்லை.

"தம்பி" என்றார் மகனைப் பார்த்து. இத்தனை காலத்தில் பேசிய முதல் பேச்சு. "பண்ணையாளு பேரன்னு காட்டிட்டப்பா. தாத்தா இருந்திருந்தா உன்னைத் தூக்கி வச்சுக் கொண்டாடியிருப்பாரு."

நல்லக்கண்ணு இல்லைப்பா என்று சொல்ல வேண்டும். சொன்னால் இந்தத் 'தம்பி' திரும்பப் போய்விடும்.

5

வால்வு கையோடு வந்தது. உள்ளே தார் ஊற்றியதுபோல் கரி. பைப் பத்திரமாக இருந்தது.

"கரிதான். யாரும் எதையும் புடுங்கல" என்றார் மீரா உசேன்.

"சரி, தட்டிப் பாத்தானா?" ரெங்கசாமி எழுந்து வந்தார். "என் முன்னாடிதானே சொல்லிக் குடுத்தீங்க? தட்டியிருந்தா விட்டிருக்கும்ல? பானட்டைத் தூக்கிட்டுச் சும்மா நின்னுருக்கான்."

வால்வின் மேல்மூடியில் புதுசாகப் பளபளவென்று நசுங்கல்கள். ஸ்பேனர் தடம். மீரா உசேன் பார்த்துவிட்டார். வேஸ்ட் துணியால் துடைப்பதுபோல அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நல்லக்கண்ணுவைப் பார்த்தார். கையை எடுக்கட்டுமா?

முடிவுகள் என்னிடம் இருக்கின்றன. கையை எடுத்தால் வேலை பிழைக்கும். வீரையன் அந்தத் துண்டைக் கவருக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். எடுக்காவிட்டால் வேலை போகும். துண்டு தோளில் விழும். சாகும்வரை அவன் ஒரு பொய்யைப் போர்த்திக்கொண்டு அப்பாவோடு சோறு தின்ன வேண்டும். வயலுக்கு இரண்டிலும் ஒன்றுதான், அடுத்த வாய்தா வரை. பத்திரிகை கேட்ட நம்பிக்கை எந்தப் பக்கத்திலும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

"தட்டுனியாடா?" என்கிறார் ரெங்கசாமி.

வீரையன் கவரைப் பிரித்தபடியே மகனைத் திரும்பிப் பார்க்கிறார். அந்த முகத்தில் சந்தேகமே இல்லை.

நல்லக்கண்ணு என்னைப் பார்க்கிறான். நான் பேனாவை மூடிவிட்டேன். உண்மை அவனுக்குத் தெரியும், பாய்க்குத் தெரியும். அடித்துப்போட்ட வரியை விடாமல் படித்த உங்களுக்கும் தெரியும். கேள்வி இன்னும் அங்கேயே நிற்கிறது.

நீங்களே சொல்லிவிடுங்கள். வீரையன் காதில் விழும்படி.