ஹேலாவின் இடப்பக்கம்

க்ளோய்வி என்ற குதிரையின் பிடரிமயிரை ஒரு கையால் பற்றி, பின்புறத்தில் முழங்காலால் ஓர் உதையும் கொடுத்து, பக்கத்துப் பண்ணைக்காரி யோருனுடைய பட்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியவள் நான்தான். இதில் வேறு யார்மேலும் பழி போட முடியாது. செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, பள்ளத்தாக்கின் முந்நூறு குதிரைகளும் கோடை மேய்ச்சல் முடிந்து மேட்டுவெளியிலிருந்து இறங்கிவந்து பெரிய வட்டப் பட்டிக்குள் ஆவி கக்கிக்கொண்டு நெருக்கியடித்து நின்றன. அவரவர் குதிரையை அவரவர் அடையாளம் கண்டு, சுற்றிலும் பண்ணைக்கு ஒன்றாக இருந்த சின்னப் பட்டிகளுக்குள் பிரித்துவிட்டுக் கொண்டிருந்தோம். எங்கள் கிழட்டு வெள்ளைக் குதிரை ஹேலாவை விடாமல் உரசிக்கொண்டு நின்றான் இவன். நாலு வயது, காயடித்தது, மண்டை பெருத்து கால் குட்டையாய், பார்க்கச் சகிக்காத பழுப்பு நிறம். நான் ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கமாய் வந்து ஒட்டினான். "உன் வயசென்ன, அவ வயசென்ன? வெக்கமா இல்ல? போடா உன் வீட்டுக்கு" என்று நான் சொன்னதைக் கேட்டு வேலிமேல் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்க ஆள் இருந்தால் எனக்கு இரண்டு வார்த்தை கூடவே வரும்.

அன்று காலையிலேயே அந்த இரண்டு குதிரைகளையும் பார்த்திருந்தேன். மந்தை ஆற்றைக் கடந்து வருவதைப் பார்க்க வருஷா வருஷம் நான் மேட்டில் ஏறி நிற்பேன். ஐம்பத்தாறு வயதில் எத்தனை தடவை பார்த்தாகிவிட்டது, இருந்தாலும் முதல் குதிரை தண்ணீரில் கால் வைக்கும்போது நெஞ்சுக்குள் என்னவோ செய்யும். முந்நூறும் இறங்கின பிறகு ஆறே கண்ணுக்குத் தெரியாது, முதுகுகள்தான் ஓடும். அந்தக் கூட்டத்தின் நடுவில் ஹேலாவும், அவளுடைய இடப்பக்கத்தில் இந்தப் பழுப்புப் பயலும். சனியன், அவளை நிம்மதியாக நீந்தக்கூட விடமாட்டேன் என்கிறானே என்று அப்போதே திட்டினேன்.

அவனைப் பிரித்த பிறகு ஹேலா அசையவே இல்லை. களைப்பு என்று நினைத்தேன். கழுத்தில் தட்டி எங்கள் பட்டிக்கு ஓட்டினேன். நேராகப் போய்க் கதவுக்கம்பத்தில் நெற்றியை மோதிக்கொண்டாள். யாரோ, கிழவிக்கும் ஒரு மடக்குச் சாராயம் ஊற்றிவிட்டீர்களா என்று கேட்டான். பின்வாங்கி, மறுபடி அதே கம்பத்தில் மோதினாள். என் கணவன் காரி சிரிக்கவில்லை. வேலியிலிருந்து இறங்கி வந்து அவள் கண்ணுக்கு முன்னால் தொப்பியை ஆட்டினான். இமைகூட அசையவில்லை.

திங்கட்கிழமை கால்நடை மருத்துவர் வந்து விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது, குறைந்தது மூன்று நாலு மாதமாகவே ஒன்றும் தெரிந்திருக்காது என்றாள். இந்தக் கண்ணோடு இவள் எப்படி மேட்டுவெளியில் ஒரு கோடையைக் கழித்தாள், எப்படி ஆற்றைக் கடந்தாள் என்று எங்களையே திருப்பிக் கேட்டாள். எங்களுக்கு மட்டும் என்ன தெரியும்? குருட்டுக் குதிரையைப் பனிக்காலத்தில் வைத்திருக்கக்கூடாது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். வாய்க்காலில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டு கிடக்கும், நாம் பார்ப்பதற்குள் விறைத்துவிடும். கொட்டிலில் தனியாகக் கட்டிப்போட்டால் சுவரைக் கடிக்கும். அதைவிட ஒரு குண்டு மேல். காரி தன் குதிரைகளை அந்நியன் கையில் விட்டதில்லை. வீட்டிலேயே, குழி வெட்டி, பக்கத்தில் நிறுத்தி, தலையைத் தடவிக்கொண்டே செய்வான்.

நிலம் இறுகுவதற்குள் குழி வெட்ட வேண்டும். எங்கள் பண்ணையில் ஒரு முழம் தோண்டினால் பாறை. ஆள் உயரத்துக்கு மண் இருக்கிற ஒரே இடம் என் உருளைக்கிழங்குத் தோட்டம்தான்.

"கிழங்கைத் தோண்டி எடுத்துடு ஸ்வாலா," என்றான் காரி. "அப்புறம் நான் டிராக்டரைக் கொண்டு வரேன்." அவ்வளவுதான் பேசினான். அவன் ஒரு நாளைக்குப் பேசுவதை நான் காலைக் காப்பிக்கு முன்னால் பேசி முடித்துவிடுவேன்.

கிழங்கு மண்ணுக்குள் இருக்கிற வரைக்கும் குழி இல்லை. என் வாழ்க்கையில் அந்த வாரம் மாதிரி நான் சோம்பேறியாக இருந்ததே இல்லை. முதலில் சிவந்த பழச்செடிகளைக் கத்தரித்தேன். கீரைக்கோஸ் போதுமான அளவு அறுத்தாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் அறுத்தேன். ஒரு நாள் முழுக்க ஒரே ஒரு வரிசை கிழங்கு தோண்டினேன். சாயங்காலம் காரி வந்து வாளியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். வானொலியில் தினமும் வானிலை கேட்டேன். ஞாயிறு முதல் உறைபனி என்றார்கள். கிழங்கு செடியோடு உறைந்து அழுகினால் குளிர்காலத்துக்கு எங்களுக்குச் சாப்பாடு இல்லை என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை.

ஹேலா முற்றத்தில் நின்றாள். எங்கள் மூன்று சவாரிக் குதிரைகளும் அவளைக் கடித்து விரட்டின, அதனால் தனியாகத்தான் விட்டிருந்தோம். தண்ணீர்த் தொட்டிக்கு அவளை நான்தான் கூட்டிப்போனேன். கயிறு போட்டால் நடுங்கினாள், குரல் கொடுத்தால் வந்தாள். முன்னால் நடந்துகொண்டே "ஹேல், ஹேல்" என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும், நிறுத்தினால் நின்றுவிடுவாள். இருபது வருஷமாகத் தொணதொணத்ததற்கு இந்த ஒரு பலனாவது கிடைத்ததே என்று நினைத்துக்கொண்டேன். அவள் நெற்றியில் மோதின காயம் ஆறுவதற்குள் புதுக் காயம் வந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை மழை. வேறு சாக்கு கிடைக்காமல் தோட்டத்தில் மண்டியிட்டேன். தலைமுக்காடு மூக்குவரை இறங்கியிருந்ததில் எதிரே எதுவும் தெரியவில்லை. கை மட்டும் மண்ணுக்குள் போயிற்று. கல் தட்டும், கிழங்கு தட்டும், தட்டிய உடனே எது எதுவென்று விரலுக்குத் தெரிந்துவிடும். கண்ணே தேவைப்படவில்லை. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டே தோண்டினேன். அப்போதுதான் அந்த ஆறு கண்முன் வந்தது. நடு ஆற்றில், பெரிய கற்கள் கிடக்கிற இடத்தில், மற்ற குதிரைகள் எல்லாம் முட்டி மோதித் தாவின. அந்தப் பழுப்பு மண்டையன் மட்டும் அங்கே நடையைக் குறைத்தான். தோளை அவள்மேல் சாய்த்து மெல்ல வலப்பக்கம் ஒதுக்கினான். கல் தாண்டியதும் தோளை எடுத்தான், அவள் உடனே அவன் பக்கம் சாய்ந்தாள். நான் திட்டிக்கொண்டே இதையெல்லாம் பார்த்திருக்கிறேன். மலையில் ஒரு கோடை முழுக்க, சதுப்பு, பிளவு, ஓடை, எல்லா இடத்திலும் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும். யாரும் சொல்லிக் கொடுக்காமல், தனக்கு ஒரு லாபமும் இல்லாமல், பேச வாயில்லாத ஒரு பிராணி! அவளுக்குக் கண்ணாக இருந்தவனைத்தான் நான் முழங்காலால் உதைத்துத் தள்ளியிருக்கிறேன்.

கையைக்கூடக் கழுவாமல் ஓடிப்போய்க் காரியிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"யோருன் வெள்ளிக்கிழமை அஞ்சு குதிரையைக் கறிக்கு அனுப்பறா," என்றான். "அவனும் அதுல ஒண்ணு."

யோருனுடைய ஹோல்ட் பண்ணை எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம்தான். புல்வெளியின் குறுக்கே நடந்தால் பத்து நிமிஷம். ஆனால் ஏழு வருஷமாக நான் நடந்ததில்லை, அந்த வேலியே ஏழு வருஷத்துக்கு முன்னால்தான் வந்தது. அவளுடைய குதிரைகள் ஒரு நாள் என் தோட்டத்தில் புகுந்து கோஸ் அத்தனையும் தின்றுவிட்டன. அந்த ஆத்திரத்தில், தேவாலயத்துக் காப்பிநேரத்தில் பத்துப் பேருக்கு முன்னால், "வீட்டுல தீவனம் போட்டா அது ஏன் ஊர்த்தோட்டத்துல மேயுது?" என்று கேட்டுவிட்டேன். எங்கள் பள்ளத்தாக்கில் ஒருத்தியைத் திருடி என்று சொல்லலாம், மன்னித்துவிடுவாள். குதிரையைப் பட்டினி போடுகிறவள் என்று சொல்லக்கூடாது. அடுத்த வாரமே மாவட்டத்திலிருந்து ஒரு ஆள் வந்து அவளுடைய குதிரைகளின் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனான். புகார் கொடுத்தது நான் இல்லை. பேச்சை ஆரம்பித்தது நான்தான்.

வியாழக்கிழமை காலையில் போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும் யோருன் சொன்னது, "காலைத் துடைச்சுட்டு வா." சமையலறை முழுக்க ரத்தமும் கொழுப்பும் மாவுமாக இருந்தது, ஆட்டு ரத்தத்தை மாவோடு கலந்து இரைப்பையில் அடைத்து வேகவைக்கிற, குளிர்காலத்துக்கான ரத்தக்கட்டி செய்துகொண்டிருந்தாள். எதிரியே ஆனாலும் வந்தவளுக்குக் காப்பி ஊற்றாமல் இருக்க முடியாதே, ஊற்றி வைத்துவிட்டு, ஆட்டு இரைப்பையை எடுத்துப் பை மாதிரித் தைக்க உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு, கல், தோள், கம்பம், உருளைக்கிழங்கு, குழி. முதல் தடவையாக என் பேச்சு எனக்கே போதாததாகத் தெரிந்தது. அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"அன்னைக்கு அவனைப் பிடிச்சுத் தள்ளினியே," என்றாள் கடைசியில். "விலாவுல கை பட்டிருக்குமே. எலும்பு தட்டுச்சா?"

"இல்ல."

"என்ன தட்டுச்சு?"

"கொழுப்புதான். நல்லாவே இருந்துச்சு." காப்பியைக் கீழே வைத்தேன். "யோருன், நான் அன்னைக்குச் சொன்னது பொய். சொல்லும்போதே பொய்னு எனக்குத் தெரியும்."

ஊசி நின்றது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அடுத்த பையை எடுத்தாள். ஏழு வருஷத்துக்கு எத்தனை தையல் வேண்டுமோ அத்தனையும் போட்டு முடித்தாள் போலிருந்தது.

"மலையில நின்னான், சரி. அங்க அவனுக்கு வேற வேலை இல்ல. இங்க அவளுக்குத் துணையா நிப்பானான்னு யாருக்குத் தெரியும்?" என்றாள். "வேலியைத் திறந்து விட்டுப் பாக்கலாம். நின்னான்னா அவனை வண்டியில ஏத்தல. நிக்கலன்னா நீ உன் குழியை வெட்டு, நான் என் குதிரையை அனுப்பறேன். அப்புறம் இதைப் பத்திப் பேச்சே வரக்கூடாது."

வேலியில் கதவு கிடையாது, கதவு வைக்கிற எண்ணத்தோடு அது போடப்படவில்லை. யோருனே குறடு கொண்டுவந்து கம்பியை வெட்டினாள். துருப்பிடித்த நான்கு கம்பிகளும் சுருண்டு பின்னால் போயின. காரி ஹேலாவை எங்கள் பக்கத்துப் புல்வெளி நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் கயிற்றை அவிழ்த்தான். மழை விட்டிருந்தது, மலையின் தோள்வரை புதுப்பனி இறங்கியிருந்தது, புல் மஞ்சளாகக் கிடந்தது. யோருன் தன் குதிரைகளைத் திறந்துவிட்டாள். க்ளோய்வி வெளியே வந்தான், கால் தடுக்கினான், தலையைக் குனிந்து புல் தின்ன ஆரம்பித்தான். தின்றான், தின்றான், தின்றுகொண்டே இருந்தான். முக்கால் மணி நேரம் அவனுக்கு இந்த உலகத்தில் புல்லைத் தவிர ஒன்றுமே இல்லை. எனக்கு அவனை மறுபடி உதைக்கலாம் போல இருந்தது.

அப்போது ஹேலா கனைத்தாள். சத்தமாகக்கூட இல்லை, தொண்டைக்குள்ளேயே ஒரு குலுங்கல். அவன் தலை நிமிர்ந்தது. வாயில் புல் தொங்கியபடியே நடந்து வந்தான். ஓடவில்லை, அவசரமும் இல்லை. வேலி இருந்த இடத்தில் ஒரு கணம் நின்று முகர்ந்து பார்த்துவிட்டுக் கடந்தான். அவளைச் சுற்றி ஒரு வட்டம் வந்து, இடப்பக்கத்தில் நின்று, தோளை வைத்தான். ஐந்து நாளாக விறைத்திருந்த அவள் கழுத்து அப்படியே தளர்ந்து கீழே இறங்கிற்று. அவன் தின்கிற இடத்திலேயே அவளும் மேய ஆரம்பித்தாள். காரி தொப்பியைக் கழற்றினான். நான் அழுதுகொண்டே பேசினேன்: கொட்டிலில் இரண்டு பேருக்கும் இடம் போடலாம், தடுப்பை எடுத்துவிடலாம், சவாரிக் குதிரைகளை அந்தப் பக்கம் மாற்றிவிடலாம். குளிர்காலம் முழுவதற்கும் நான் ஏற்பாடு செய்து முடித்துவிட்டேன்.

க்ளோய்வி திரும்பினான். ஹேலாவின் தோளைத் தன் தோளால் லேசாகத் திருப்பிவிட்டு, வந்த வழியே ஹோல்ட் பக்கம் நடக்கத் தொடங்கினான். ஹேலா அவனோடு நடந்தாள். வேலி வெட்டிய இடத்தைத் தாண்டினார்கள். அதற்கு அப்பால் வடிகால் வாய்க்கால், அதன் ஓரமாகத் தண்ணீர் மினுங்கிக்கொண்டிருந்தது. நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். கரைக்கு இரண்டு முழம் இருக்கும்போதே அவன் நின்று, உடம்பை அவளுக்குக் குறுக்கே திருப்பிவிட்டான். அவள் மார்பு அவன் விலாவில் வந்து தட்டி நின்றது. பிறகு கரையை ஒட்டியே அவளைத் தள்ளித் தள்ளிப் பலகைப்பாலம்வரை கூட்டிப்போனான். பாலத்தில் இரண்டு குதிரைக்கு இடம் இல்லை. முன்னால் அவன் போனான், அவனுடைய வாலில் மூக்கை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குளம்பாக, அவள் போனாள்.

அந்தப் பக்கம் யோருன் ஒரு கை காய்ந்த புல்லை உதறிப் போட்டுவிட்டு வழியிலிருந்து ஒதுங்கி நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

"கூப்பிடு ஸ்வாலா," என்றான் காரி மெதுவாக. "உன் குரலுக்கு வந்துடுவா."

வந்துவிடுவாள். அது எனக்குத் தெரியும். ஒரே ஒரு "ஹேல்" போதும், பாலத்தின் மேல் இருந்தால்கூடத் திரும்பிவிடுவாள். வாயைத் திறந்துவிட்டேன், அவள் பெயர் நாக்குநுனிவரை வந்துவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்தக் கரையில் ஏறியதும் ஹேலா நின்றாள். ஒரு காது மட்டும் பின்னால், எங்கள் பக்கம், திரும்பியிருந்தது. காத்திருந்தாள். நான் மூச்சைக்கூட விடவில்லை. அவன் பக்கத்தில் வந்து தோளை வைத்தான். அந்தக் காது மெல்ல, மிக மெல்ல, முன்னால் திரும்பியது.