உட்கார முடியாத அண்ணி

"உட்காருங்க" என்ற சொல்லைக் கேட்டாலே அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்பது வாரமாக ஊரே கூடிப் பேசி வைத்துக்கொண்டது மாதிரி அந்த ஒரு சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. தபால் அலுவலகத்தில் அவள் நின்றபடியே பார்சலை எடை போட்டால், பக்கத்துக் கவுன்டர்காரர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வருவார். "ஏன் மேடம் நின்னுட்டே உயிரை விடுறீங்க? உட்காருங்க." பேருந்தில் ஏறினால் காலேஜ் பெண்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். நாற்பத்தொரு வயதில் அது தனி அவமானம்.

உட்கார முடிந்தால் அவள் உட்கார மாட்டாளா? உட்காரும்போது எந்த எலும்பு நாற்காலியில் படுமோ, சரியாக அந்த எலும்பில் வந்து ஒட்டுகிற தொடைத் தசைநார்தான் கிழிந்திருந்தது. உடம்பில் கிழிவதற்கு வேறு இடமா இல்லை? எப்படி ஆயிற்று என்று கேட்டவர்களிடம் மாடிப்படியில் வழுக்கிவிட்டது என்று சொல்லி வைத்திருந்தாள். கம்பத்தில் ஏறி ஆடுகிற போல் டான்ஸ் கற்றுக்கொள்ளப் போய், காலை விரித்ததில் கிழிந்தது என்று சொல்லிவிட்டு அந்த அலுவலகத்தில் இன்னும் பத்தொன்பது வருஷம் குப்பை கொட்ட முடியுமா?

அண்ணி என்று அவளைக் கூப்பிட உரிமை உள்ளவள் ஒருத்திதான், கணவரின் தங்கை சிட்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் "சும்மா வந்து பாருங்க அண்ணி" என்று அந்த வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனவளும் அவள்தான். மூச்சுக்கு மூச்சு அவள் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதில் வகுப்பில் இருபது வயதுப் பெண்கள் தொடங்கி டீச்சர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

ஒரு பழைய கிடங்கின் மேல்மாடிதான் வகுப்பு. தரையிலிருந்து கூரை வரை ஆறு இரும்புக் கம்பங்கள், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. முதல் மாதம் அண்ணி கம்பத்தில் ஏறியதை விட அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதுதான் அதிகம். ஆனால் பிடிவாதக்காரி. இரண்டாம் வருஷம் தலைகீழாகத் தொங்கினாள். மூன்றாம் வருஷம் எல்லாம் வந்தது, ஸ்பிளிட் ஒன்றைத் தவிர. ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பின்னாலும் நீட்டித் தரையோடு தரையாக இறங்க வேண்டும். அது வந்தால்தான் கம்பத்தின் உச்சியில் அதே விரிப்பைப் போட முடியும். அண்ணிக்கு எப்போதும் தரைக்கும் தொடைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி நின்றது. எட்டு மாதமாக அதே இரண்டு விரல். சனியன் நகரவே மாட்டேன் என்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிட்டு அவள் பின்னால் முட்டி போட்டு இடுப்பில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினாள். சிட்டுவுக்கு அது முக்கியமான மாதம். மருந்துக் கம்பெனியில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலையை விட்டுவிட்டு, அடுத்த மாதம் முதல் அங்கேயே உதவி டீச்சராகச் சேர்வதாக இருந்தாள். "இன்னும் அழுத்து" என்றாள் அண்ணி. சிட்டு கொஞ்சம் அழுத்தினாள். "இன்னும்டீ." சிட்டு கைகளை எடுத்துவிட்டாள். "போதும் அண்ணி, இன்னைக்கு இவ்வளவுதான்" என்று எழுந்து தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பினாள். அவள் முதுகு திரும்பியதும் அண்ணி தன் முழு எடையையும் போட்டு, ஒரு எம்பு எம்பிக் கீழே இறங்கினாள். டப் என்று கேட்டது. அறையின் அந்தக் கோடியில் இருந்தவர்களுக்கே கேட்டது.

டீச்சர் ஓடிவந்து "யாரு அழுத்தினது?" என்று கத்தினார். சிட்டு "நான்தான், நான்தான் அழுத்தினேன்" என்று அழுதாள். தான் அழுத்தியதில்தான் நார் விட்டுப்போயிற்று என்று அவள் உண்மையாகவே நம்பினாள். வலியில் அண்ணிக்கு வாய் திறக்க முடியவில்லை. அன்றைக்கு முடியவில்லை, சரி. மறுநாள் முடிந்தது. அதற்கு மறுநாளும் முடிந்தது. சொல்லவில்லை. அடுத்தவர் உடம்பில் எவ்வளவு கை வைக்கலாம் என்று தெரியாதவளை எப்படி வேலைக்கு வைப்பது என்று டீச்சர் அந்த உதவி டீச்சர் பேச்சை நிறுத்தி வைத்தார். சிட்டு டேப் ஒட்டப் போய்க்கொண்டிருந்தாள்.

போனவள் சும்மா போனாளா? தினமும் காலையில் வந்து அண்ணியின் பையைத் தூக்கினாள். நடுவில் ஓட்டை வைத்த ஒரு மெத்தையை எங்கிருந்தோ தேடிப் பிடித்து வாங்கி வந்து, அண்ணி போகிற இடமெல்லாம் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். "வலிக்குதா அண்ணி? இப்போ வலிக்குதா?"

"நீ கேட்டாத்தான் வலிக்குது. ஆளை விடு!"

"என் மேல கோபம்னா திட்டிடுங்க அண்ணி."

திட்டினால் பாவம், திட்டாவிட்டால் அதைவிடப் பாவம். அண்ணிக்குச் சிட்டுவின் முகத்தைப் பார்த்தாலே எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

காலுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோ போட்ட சட்டம் எளிமையானது. வகுப்புக்குப் போகலாம், இரண்டு கால்களும் தரையில் இருக்க வேண்டும். கம்பத்தைப் பிடித்துக் கையையும் தோளையும் பலப்படுத்தலாம். இடுப்புக்குக் கீழே எதையும் இழுக்கக் கூடாது, பன்னிரண்டு வாரத்துக்குக் கண்டிப்பாகக் கூடாது. "இறுக்கமா இருக்கற மாதிரிதான் தோணும். கொஞ்சம் நீட்டி விட்டா சுகமா இருக்கும்னு தோணும். நம்பாதீங்க, அது ஏமாத்து வேலை" என்று மூன்று முறை சொல்லியிருந்தார்.

அண்ணி நீட்டி விடவில்லை. சரியாகிவிட்டதா என்று பார்த்தாள், அவ்வளவுதான். ஐந்தாம் வாரம் தொடங்கி தினமும் காலையில் குளிப்பதற்கு முன்னால், சாமான் அறைக் கதவின் உட்பக்கம் வலது காலில் நின்று, அடிபட்ட இடது காலின் குதிகாலைக் கதவில் எவ்வளவு உயரம் வைக்க முடிகிறது என்று பார்த்தாள். எட்டின இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. தபால் அலுவலகத்தில் இருபது வருஷம் தேதி முத்திரை குத்திய கை சும்மா இருக்குமா? ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். சில நாள், முதல் தடவை சரியாக வரவில்லை என்றால், இரண்டு தடவை.

ஒன்பதாம் வாரம் பிசியோ அவளைக் குப்புறப் படுக்கவைத்து, காலை மடக்கச் சொல்லி எதிர்த்திசையில் தள்ளிப் பார்த்தார். முகம் சுருங்கியது. "ஆறாம் வாரத்துல இதைவிட பலமா இருந்துச்சே. வீட்ல ஏதாவது நீட்டிப் பார்க்கறீங்களா?"

"சீச்சீ, அதெல்லாம் இல்ல."

"அப்போ வகுப்புலதான் யாரோ பிடிச்சு இழுத்து விடுறாங்க. வேற வழியே இல்ல." அவர் அப்போதே போனை எடுத்து டீச்சருக்குப் பேசினார். இவர் உடம்பை யாரும் தொடக் கூடாது, யாரோ தொடுகிறார்கள், இப்படியே போனால் நார் எலும்பை விட்டே கழன்றுவிடும் என்றார். அண்ணி குப்புறப் படுத்தபடியே வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

வகுப்பில் அண்ணியைத் தொடுகிற துணிச்சல் உள்ளவள் யார்? டீச்சருக்கு யோசிக்க ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. இனி அந்தப் பக்கமே வர வேண்டாம் என்று சிட்டுவுக்குச் சொல்லிவிட்டார். வகுப்பு கிடையாது, உதவி டீச்சர் வேலை நிரந்தரமாகக் கிடையாது. சாயங்காலம் சிட்டு வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. "நான் உங்களைத் தொடவே இல்லையே அண்ணி. கம்பத்தைத் துடைக்கிற துணியைக் கூடத் தூரத்துல இருந்துதானே போட்டேன்? நீங்க டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று மட்டும் கேட்டாள்.

"பார்க்கறேன்" என்றாள் அண்ணி. "முதல்ல நீ சாப்பிடு. போட்டுத் தின்னாதே என்னை."

அந்தச் சனிக்கிழமை கணவர் பல்பு தேடிச் சாமான் அறைக்குள் போனார். வெகு நேரம் ஆளைக் காணோம். பிறகு உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "இங்க வா. நம்ம வீட்ல யாரு தேஞ்சுக்கிட்டே வர்றாங்க?"

அண்ணி போய்ப் பார்த்தாள். தினமும் ஒவ்வொரு கோடாகப் பார்த்தவள், மொத்தத்தையும் ஒரே பார்வையில் அன்றைக்குத்தான் பார்த்தாள். ஆறாம் வாரம் வரைக்கும் கோடுகள் இடுப்பு உயரத்துக்கு ஏறியிருந்தன. அதற்கப்புறம் இறங்கின. நேற்றைய கோடு முட்டிக்குச் சற்று மேலே இருந்தது.

"பிள்ளைங்க உயரத்தைக் குறிச்சு வைப்பாங்க, கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் கணவர். "இது என்ன கண்றாவி?"

"சரியாயிடுச்சான்னு பார்த்தேன்."

"முப்பது தடவையா?" அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஆறவே விடாம நோண்டிக்கிட்டே இருந்தா எந்தப் புண்ணுடி ஆறும்? சிட்டு என்னடான்னா நான் தொடல, நான் தொடலன்னு என்கிட்ட போன்ல புலம்புது. நீ வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

சண்டை போட அண்ணிக்கு ஆயிரம் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, சிட்டுவை வரச்சொல்லிப் போன் செய்துவிட்டு, வகுப்புக்குக் கிளம்பினாள்.

டீச்சர் கம்பங்களை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். சிட்டு வாசலிலேயே நின்றாள், உள்ளே வரலாமா என்று தெரியாமல். அண்ணி கதவையும் கோடுகளையும் பற்றி ஒன்று விடாமல் சொன்னாள். டீச்சர் துணியைக் கீழே போட்டார். "மூணு வருஷமா இதைத்தானே அண்ணி படிச்சுப் படிச்சுச் சொல்றேன்? பயிற்சி பண்ணிச் சூடேத்தாத காலைச் சும்மா கூடத் தூக்காதீங்கன்னு? ஐயோ கடவுளே." பிறகு வாசலைப் பார்த்தார். "சரி சிட்டு, இந்தத் தடவை நீ இல்ல, ஒத்துக்கறேன். வகுப்புக்கு வா. ஆனா அந்த உதவி டீச்சர் விஷயம் வேற. முதல் நாள் அழுத்தினது நீதானே?"

"ஆமா டீச்சர்" என்றாள் சிட்டு.

அதோடு விட்டிருக்கலாம். எல்லாம் ஒரு வழியாக முடிந்த மாதிரிதான் இருந்தது. சிட்டுவுக்கு வகுப்பு கிடைத்துவிட்டது, அண்ணிக்கும் திட்டு கிடைத்துவிட்டது. அண்ணி ஒரு அடி முன்னால் வந்தாள்.

"இல்ல" என்றாள். "அவ கையை எடுத்துட்டா. போதும்னு சொல்லிட்டுத் தண்ணி எடுக்கத் திரும்பிட்டா. நான்தான் எம்பி இறங்கினேன். அவ தொடும்போது எனக்கு ஒண்ணுமே ஆகல."

சிட்டு மெல்ல உள்ளே வந்தாள். அவள் கட்டிக்கொண்டு அழுவாள், போகட்டும் அண்ணி என்பாள், மறுபடி அந்த ஓட்டை மெத்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள் என்றுதான் அண்ணி எதிர்பார்த்தாள். அதற்கும் சேர்த்து முன்கூட்டியே கொஞ்சம் எரிச்சல்கூட வந்துவிட்டது.

"நான் போதும்னு சொன்னேனா அண்ணி?"

"சொன்னே."

"சொன்னது எனக்கே மறந்துபோச்சு. உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்கு." சிட்டுவின் குரல் ஏறவே இல்லை. "ஒன்பது வாரமா பஸ்ஸுல பக்கத்துல யாராவது குழந்தையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோன்னு கொடுத்தாக்கூட வாங்கப் பயந்துட்டு நின்னேன். என் கை யாரை என்ன பண்ணிடுமோன்னு. ஊருக்கெல்லாம் மாடிப்படின்னு சொன்னீங்க, சரி. என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமே."

"சிட்டு..."

"கூப்பிடாதீங்க."

அடுத்த மாதம் சிட்டு உதவி டீச்சரானாள். வீட்டுக்கு வந்தால் அண்ணனோடு பேசினாள். அண்ணியிடம் கேட்டதற்குப் பதில் சொன்னாள், கேட்காததைச் சொல்லவில்லை. யாரும் பை தூக்கவில்லை, வலிக்குதா என்று யாரும் உயிரை எடுக்கவில்லை. இதைத்தானே கேட்டாய், அனுபவி என்று அண்ணி தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். பிசியோ பன்னிரண்டு வாரத்தையும் ஒன்றிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கியிருந்தார்.

சிட்டு நடத்திய முதல் வகுப்பில் அண்ணி ஆறாவது கம்பத்தில் நின்றாள். இரண்டு கால்களும் தரையில், கைகள் மட்டும் மேலே. சிட்டு முதல் கம்பத்திலிருந்து வரிசையாக வந்தாள். ஒருத்தியின் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள். ஒருத்தியின் இடுப்பைத் திருப்பி வைத்தாள். புதிதாகச் சேர்ந்து நடுங்கிக்கொண்டிருந்த ஒருத்தியின் மணிக்கட்டைக் கம்பத்தோடு சேர்த்துப் பிடித்து, "விட மாட்டேன், தொங்கு" என்றாள். ஆறாவது கம்பத்துக்கு வந்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"தோளைத் தொட்டுச் சொல்லேன்" என்றாள் அண்ணி, யாருக்கும் கேட்காத குரலில். "சரியா இருக்கான்னு எனக்குத் தெரியல."

"பார்த்தாலே தெரியுது அண்ணி. இடது தோள் ஏறியிருக்கு. இறக்குங்க."

அண்ணி இறக்கினாள். "இப்போ?"

சிட்டு அதற்குள் திரும்பி, முதல் கம்பத்துப் பெண்ணின் முதுகில் கை வைத்திருந்தாள்.