பதினொன்றாம் மாடியில் முறுக்குக் கடை

வீரபாண்டியனின் பலகாரக் கடை ஒரு திங்கட்கிழமை காலையில் லேக் கார்டன்ஸிலிருந்து கிளம்பி, அதே ஊரின் மறுகோடியில் நியூ டவுனில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பதினொன்றாம் மாடிக்கு வெளியே போய் நின்றது. அப்போது வாணலியில் முறுக்கு இரண்டாவது ஈடு வெந்துகொண்டிருந்தது. கடையோடு வீரபாண்டியனும் போனார். அடுப்பு, காஸ் சிலிண்டர், கண்ணாடி ஜாடிகள், முருகன் படம், படத்துக்குப் பின்னால் குடியிருந்த பல்லி எல்லாம் இருந்தது இருந்தபடி போயின. ஷட்டர் பூட்டு ஒன்றுதான் தங்கிவிட்டது. கடையைத் திறந்ததும் பூட்டைப் பக்கத்துத் தையல்கடைப் படியில் வைப்பது அவர் வழக்கம்.

அவர் மனைவி விஜயா கறிவேப்பிலை வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது தையல்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் ஓர் இடைவெளியும், எண்ணெய் ஊறிய தரையும், வெயிலைப் பார்த்துத் திகைத்த சில கரப்பான்பூச்சிகளும் இருந்தன. தையல்காரர் ஷ்யாமல்-தா பெடலிலிருந்து காலை எடுக்காமல் வங்காளியில் சொன்னார்: "டிராம் திரும்புற மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு அண்ணி. அண்ணன் எதுவும் சொல்லிட்டுப் போகல." தெருவில் யாரும் பெரிதாகப் பதறவில்லை. முனை வீட்டின் மாடிப்படி ஒரு துர்கா பூஜையின்போது காணாமல் போய், காளி பூஜை முடிந்த பிறகு திரும்பி வந்ததை அவர்கள் பார்த்திருந்தார்கள். மின்சார மீட்டரும் கூடவே போய்விட்டதா என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். போய்விட்டிருந்தது.

காரணம் தெரிந்தவள் விஜயா ஒருத்திதான்.

சில வருஷங்களுக்கு முன் கடை கடையாகச் சாப்பிட்டு வீடியோ போடுகிற ஒருவன் வந்திருந்தான். மூலையில், கழித்துத் தகரத்தில் ஊற்றி வைத்திருந்த பழைய எண்ணெயைப் படம் எடுத்தான். இதில்தான் முறுக்கு சுடுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே ஊருக்குச் சொல்லிவிட்டுப் போனான். கடையில் மாலைக் கூட்டம் கலைந்தது. கோவில்பட்டியிலிருந்து வந்து இந்த ஊரில் மூன்று தலைமுறையாக வாங்கிய பேர் அது. அன்றிலிருந்து கடைக்குள் யாரும் போனைத் தூக்கிப் பிடிக்கக் கூடாது என்று வீரபாண்டியன் வங்காளியிலும் இந்தியிலும் எழுதி மாட்டினார். அந்த அட்டையைப் படிப்பதற்குக்கூட ஆள் வராத காலமும் வந்தது. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் முளைத்த புதுக் கடைகளில் வட்டமாக விளக்கு வைத்துத் தட்டையைப் படம் பிடிப்பதையும், பிடித்த மறுநாளே கூட்டம் அம்முவதையும் விஜயா பார்த்துக்கொண்டே இருந்தாள். கணவரிடம் இரண்டு தடவை பேச்சை எடுத்தாள். இரண்டு தடவையும் அவர் எழுந்து போய் மாவு சலித்தார்.

முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை, நியூ டவுனில் மகள் கீதாஞ்சலியின் வீட்டுக்குப் போனவள், பால்கனியில் உட்கார்ந்து போனில் கடைக்கு ஒரு பேஜ் ஆரம்பித்தாள். "அப்பாகிட்ட சொல்லிட்டதானே மா?" என்று மகள் கேட்டதற்குச் சொல்லிவிட்டேன் என்றாள். பேர், போன் நம்பர், திறக்கும் நேரம், ஜாடிகளின் படம் என்று ஒவ்வொன்றாகத் தடவித் தடவி ஏற்றினாள். கடைசியில் போன் ஒரு கேள்வி கேட்டது: இப்போது நீங்கள் உங்கள் கடையில் இருக்கிறீர்களா? கீதாஞ்சலி பொங்கிய பாலை இறக்க உள்ளே போயிருந்தாள். இல்லை என்று அமுக்கினால் போட்டதெல்லாம் அழிந்துவிடுமோ என்று பயந்து விஜயா ஆம் என்று அமுக்கினாள். வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, அவள் உட்கார்ந்திருந்த பால்கனிக்குச் சற்று வெளியே, வந்து குத்தி நின்றது. சரிபார்த்து நாளைக்கு ஊருக்குக் காட்டுகிறோம் என்று போன் சொன்னது.

பேஜ் கம்பெனிக்காரர்கள் சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருந்தார்கள். வெற்றிடத்தின் முன் கறிவேப்பிலையோடு நின்றவளின் கையில் போன் மணியடித்தது. உங்கள் கடை இப்போது எல்லோருக்கும் தெரியும் என்ற செய்தி வந்தது. அது மறைவதற்குள் மகள் கூப்பிட்டாள்.

"மா, அப்பா எங்க பால்கனிக்கு வெளிய இருக்காரு. கடையோட. சீக்கிரம் வா."

"பேசுனாரா?"

"கூப்டா திரும்பல மா. அடுப்பு எரியுது. அவர் அசையவே மாட்டேங்கறார்."

ஷ்யாமல்-தா தையலை விட்டெழுந்து ஒரு வண்டி பிடித்துக் கொடுத்தார். பைபாஸில் ஒவ்வொரு சிக்னலும் சிவப்பாக விழுந்தது. விஜயா போனை மடியில் கவிழ்த்து வைப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தாள். அவள் ஆரம்பித்த பேஜை அதுவரை ஒரு ஜீவனும் பார்த்திருக்கவில்லை. எண்ணெய் கொதித்தால் என்ன ஆகும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதை மட்டும் நினைக்காமலிருக்க முருகன் பேரைச் சொல்லிப் பார்த்தாள், பாதியில் மறந்துபோனது.

கட்டடத்தின் கீழே புல்வெளியில் கூட்டம் அண்ணாந்து நின்றது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் சக்கரவர்த்தி அவளை லிஃப்ட் வாசலில் மறித்து, பால்கனிக்கு வெளியே துணி காயப்போடுவதற்கே இங்கே அனுமதி இல்லை, கடைக்கு நிச்சயம் இல்லை என்று மரியாதையாகத் தெரிவித்தார். விஜயா அவரையும் தள்ளிக்கொண்டு லிஃப்டில் ஏறினாள்.

பால்கனிக் கம்பியிலிருந்து கை நீட்டினால் எட்டாத தூரத்தில், கம்பியோ கயிறோ இல்லாமல், கடை நின்றது. அதன் தரை பால்கனித் தரையைவிட ஒரு சாண் தாழ்ந்திருந்தது. வீரபாண்டியன் ஜல்லிக்கரண்டியைப் பிடித்தபடி சிலையாக நின்றார். அவர் ஒரு காலைப் பெயர்த்தாலும் கடை அந்தப் பக்கம் சாய்ந்தது. சாய்ந்தால் வாணலி விளிம்புக்கு எண்ணெய் வந்தது. அடுப்பை அணைக்கும் திருகு அவர் கைக்கு எட்டாத ஓரத்தில் இருந்தது. முறுக்கு கருகிப் புகை கிளம்பியிருந்தது. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்னங்க..."

"கிட்ட வராத." அவர் திரும்பாமலேயே பேசினார். "ஏ விஜயா, இது என்ன ஏதுன்னு உனக்குத் தெரியுமா?"

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மகளிடம் பொய் சொன்னதைக்கூட மகள் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னாள். காற்று ஒருமுறை வீசி, ஜாடிகள் ஒன்றோடொன்று இடித்து ஓய்ந்தன.

"கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லிருப்பேன்" என்றார் அவர்.

"அதான் கேக்கல."

விலாசம் தவறு, பழைய இடத்துக்கு மாற்றுங்கள் என்று கீதாஞ்சலி கம்பெனிக்கு அனுப்பிவிட்டிருந்தாள். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்திருந்தது. யாரைக் கூப்பிடுவது என்று தேடினால் கூப்பிடுவதற்கு யாரும் இல்லை. இதற்குள் கடை இறங்கத் தொடங்கியிருந்தது. ஒரு சாணாக இருந்தது ஒரு முழமாயிற்று. பத்தாம் மாடியில் இருந்த ஒரு பெண் இது என்ன கடை என்று பேரைப் போட்டுத் தேடிய நேரத்தில் மட்டும் சற்று மேலே ஏறியது. அவள் போனை வைத்ததும் பழையபடி இறங்கியது. கீதாஞ்சலி கையிலிருந்த திரையையும் கடையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மா, யாராவது பேஜைப் பார்த்தா கடை மேல வருது. பாக்கலைன்னா இறங்குது."

"கீழ அத்தனை பேர் பாக்காங்களே?"

"ஆரே, அவங்க அவங்க வீடியோவை எடுத்து சித்திக்கும் சித்தப்பாவுக்கும் அனுப்பறாங்க. நம்ம பேஜை யாரு பாக்கறா? நீ எடுத்துப் போடு மா. சீக்கிரம்."

விஜயா தன் வாழ்நாளில் எடுத்த முதல் வீடியோவில் அவள் கட்டைவிரலும் கொஞ்சம் ஆகாயமும் மட்டும் இருந்தன. அதை யாரும் பார்க்கவில்லை. கடை இன்னும் இறங்கி, வீரபாண்டியனின் தோள் பால்கனித் தரைக்கு நேராக வந்தது. இரண்டாவதில் அவர் முதுகு தெரிந்தது. யாரோ ஒருவர், முறுக்குக்கு அந்த ஊர்ப் பேரைச் சொல்லி, சக்லி என்ன விலை என்று கேட்டு எழுதினார். கடை ஒரு விரற்கடை ஏறி, வழுக்கினாற்போல் இரண்டு விரற்கடை இறங்கியது. முகத்தைக் காட்டுங்கள் என்று மகள் கெஞ்சினாள். அவர் அசையவில்லை. போனைத் தூக்கிப் பிடித்தவன் முன்னால் இனிச் சிரிக்க மாட்டேன் என்று அவர் முருகன் படத்தின் முன்னால் சொன்னவர். அந்தப் படம் இப்போதும் அவர் முன்னால்தான் தொங்கியது.

விஜயா மண்டியிட்டுக் கம்பிகளின் இடுக்கு வழியே போனை நீட்டினாள்.

"சிரிக்க வேண்டாம். எண்ணெயக் காட்டுங்க. அன்னிக்கு அந்தப் பய காட்டாத எண்ணெயக் காட்டுங்க."

பிறகு வீரபாண்டியன் இடுப்பை மட்டும் மெல்லத் திருப்பி, கருகிய முறுக்கை அரித்துத் தள்ளிவிட்டு, கரண்டியை எண்ணெயில் முக்கி உயரத் தூக்கினார். அதன் கண்களிலிருந்து எண்ணெய் பொன்னிறமாகச் சரம் சரமாக இறங்கியது. அவர் போனைப் பார்த்து வங்காளியில் பேச ஆரம்பித்தார். இது காலையில் ஊற்றிய எண்ணெய். நேற்று மிச்சமானது தகரத்தில் இருக்கிறது, சோப்பு காய்ச்சுகிறவர் வந்து எடுத்துப் போவார். என்றைக்கும் அப்படித்தான். ஒருவன் வந்து தகரத்தைக் காட்டினான், நீங்களும் நம்பினீர்கள். உங்கள் பிள்ளைகளுக்குப் பல் முளைத்தபோது என் கடைச் சீடையைத்தானே கடிக்கக் கொடுத்தீர்கள்? அப்புறமும் நம்பினீர்கள். சந்தேகம் இருக்கிறவர்கள் வாருங்கள், வந்து பாருங்கள். கோபம் ஏற ஏற வங்காளி போய்த் தமிழ் வந்தது. கடைசியில் அவர் திட்டியது கோவில்பட்டிக்காரர்களுக்கு மட்டுமே விளங்கக்கூடிய தமிழ்.

முதலில் கீதாஞ்சலியின் ஆபீஸில் பார்த்தார்கள். லேக் கார்டன்ஸில் ஷ்யாமல்-தா மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார், மருந்துக்கடைக்காரர் மருந்து வாங்க வந்தவர்களிடம் காட்டினார். ஜாதவ்பூர் மாணவர் விடுதிகளில் பார்த்தார்கள். வருஷக்கணக்காகக் கடைப்பக்கம் வராதவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, சிலர் கூச்சத்தோடு, மறுபடியும் பார்த்தார்கள். வீரபாண்டியன் பேசிக்கொண்டிருக்கும்போதே கடை ஏறியது. தோள் இடுப்பாகி, இடுப்பு முழங்காலாகி, அவர் பாதம் பால்கனித் தரைக்குச் சமமாக வந்தது. கடை ஆடாமல் நகர்ந்து கம்பியோரமாக அணைந்து நின்றது. அவர் ஓர் எட்டு வைத்துப் பார்த்தார். எண்ணெயில் அலை எழும்பவில்லை. இன்னொரு எட்டு வைத்து அடுப்பை அணைத்தார்.

"பா, தாண்டி வந்துடுங்க!" என்று மகள் கத்தினாள்.

"கடைய விட்டுட்டா? எங்க வாரது?"

அப்போது விஜயா செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கம்பியின் மேல் ஏறினாள். மகள் அவள் முந்தானையைப் பிடிப்பதற்குள் அந்தப் பக்கம் காலை வைத்தாள். அவள் பாரம் பட்டதும் கடை ஒரு பக்கம் தாழ்ந்தது. கீழே புல்வெளியில் ஒரே கூச்சல். வீரபாண்டியன் மாவுக் கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தார். கடை நிமிர்ந்தது. அவர் கையை உடனே விடவில்லை.

"பயந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஈடு கருகிப்போச்சுல்லா" என்றார்.

கீழே நின்றவர்கள் சக்லி கேட்டார்கள். கடை இருக்கிறது, மாவு இருக்கிறது, சும்மா நிற்பானேன் என்று இருவரும் அடுப்பை மூட்டிப் பிழிய ஆரம்பித்தார்கள். கீதாஞ்சலி வாளியில் கயிறு கட்டிப் பதினொன்றாம் மாடியிலிருந்து இறக்கினாள். சங்க விதிகளில் வாளியைப் பற்றி ஏதும் இல்லை என்று சக்கரவர்த்தி பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டார். வெயில் தாழ்ந்த நேரத்தில் போன் மணியடித்தது. "மா, விலாசத்த மாத்த ஒத்துக்கிட்டாங்க!" என்று மகள் கத்தியது பாதிதான் கேட்டது. டிராம் திரும்பும் சத்தம் எழுந்தது. அடுத்த கணம் பக்கத்தில் ஷ்யாமல்-தா இருந்தார். ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, கூட்டம் வருகிறது என்று தெருமுனையைக் காட்டினார்.

கடை பழைய இடத்திலேயே வந்து பொருந்திவிட்டது, ஆனால் தரையில் முழுதாக உட்காரவில்லை. அடியில் ஒரு பூனை நுழைந்து போகுமளவுக்கு இடைவெளி நின்றது. மின்சாரக்காரர்கள் வந்து வயரைக் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தார்கள். கார்ப்பரேஷன் ஆள் குனிந்து பார்த்துவிட்டு, நடைபாதையில் படாத கடைக்கு நடைபாதை ஆக்கிரமிப்பு நோட்டீஸ் கொடுக்க வழியில்லை என்றார். அதன்பின் வந்த வருஷங்களில் விஜயா தினமும் காலையில் வீடியோ எடுத்தாள். கட்டைவிரல் வருவது மெல்ல நின்றது. வீரபாண்டியன் அட்டையைக் கழற்றவில்லை, அவள் எடுப்பதைத் தடுக்கவும் இல்லை. முதல் ஈடு போடுவதற்கு முன் தொண்டையைச் செருமி, எண்ணெய் காய்ந்துவிட்டது என்று மட்டும் சொல்வார். பார்ப்பவர்கள் குறைந்த மழைநாட்களில் கடை நடைபாதையோடு படிந்து கிடக்கும்; கூடினால் எழும்பும். வயதானவர்கள் ஏறி வாங்குவதற்காக ஷ்யாமல்-தா ஒரு மரப்படி செய்து கொடுத்திருக்கிறார். பூஜை நாட்களில் இரண்டு படி போடுகிறார்கள்.